களிமண்ணின் மேல் ஒரு மாடிப் பட்டறை

காவிரிப் பாசன ஊர்களில் டிராக்டருக்குக் கொட்டகை போடுகிறவர்கள் இப்போதெல்லாம் தகரத்தோடு நிறுத்துவதில்லை. கீழே டிராக்டர், ரோட்டவேட்டர், கார், இரண்டு பைக். மேலே ஒரு தளம் போட்டு வெல்டிங் மெஷின், கிரைண்டர், வைஸ் பூட்டிய மேசை, காயில் கட்டக் காத்திருக்கும் மோட்டார், சில மூட்டை விதைநெல். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நத்தத்து மனை இனி அகலமாகப் போவதில்லை. விளைகிற நஞ்சையில் மண்ணடித்துக் கட்ட மனசு வராது. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் ஏறினால் மோட்டாரும் விதையும் மாடியில் இருப்பதுதான் நிம்மதி. ஆகவே கொட்டகை மேல்நோக்கி வளர்கிறது.

கட்டி முடித்த ஓரிரு வருஷத்தில் ஒரு புதிர் தலைகாட்டும். வாய்க்காலில் தண்ணீர் வந்து, மழையும் பிடித்த பிறகு, கொட்டகையின் ரோலிங் ஷட்டர் பாதியில் சிக்கும். மரக்கதவாக இருந்தால் ஈரத்தில் மரம் உப்பிவிட்டது என்று சொல்லலாம். இரும்பு ஷட்டர் உப்பாது. அது சிக்குகிறதென்றால் அதைத் தாங்கும் இரண்டு தூண்களும் முன்பிருந்த நிலையில் இல்லை என்று பொருள். பங்குனி, சித்திரையில் அதே ஷட்டர் ஒழுங்காக ஏறி இறங்கும். ஆனால் அப்போது மாடி ஜன்னலின் மூலையிலிருந்து ஒரு விரிசல், செங்கல் இணைப்புகளின் வழியே படிப்படியாக ஏறும். பூசி மறைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் மறுபடியும் திறக்கும்.

வீட்டுக்காரர் டிராக்டரின் எடையைக் குறை சொல்வார். கொத்தனார் செங்கல்லைச் சொல்வார். கம்பி கட்டியவர் சிமெண்டைச் சொல்வார். இதற்கிடையில் நாலு வீடு தள்ளி, ஆற்றுக்கரையை ஒட்டி, சுண்ணாம்புக் கட்டில் நின்றுகொண்டிருக்கும் பழைய ஓட்டு வீட்டில் மருந்துக்கும் கீறல் இருக்காது. ஒரே ஊர், ஒரே மழை. அங்கே இல்லாத விரிசல் இங்கே ஏன்?

டிராக்டர் குற்றவாளியா?

முதலில் எடையைக் கூட்டிப் பார்த்துவிடலாம். 20 அடிக்கு 30 அடியில் இரண்டு தளம் உள்ள கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒன்று மட்டும் ஏறக்குறைய 17 டன். இரண்டு தளத்துக்கு 34. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்தில், ஓடு மீட்டருக்கு 1.3 டன் வரும். ஷட்டர், ஜன்னல் இடங்களைக் கழித்து, தூண், பீம், அஸ்திவாரம் எல்லாம் சேர்த்தால் கட்டடம் நூறு டன்னைத் தாண்டும். நம் ஊரில் ஓடும் நடுத்தர டிராக்டரின் எடை இரண்டு டன் சொச்சம்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சும். டிராக்டர் டயர் தரையைத் தொடுகிற இடத்தில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவில் அழுத்துகிறது. கொட்டகையின் அஸ்திவாரம் மண்ணில் தரும் அழுத்தம் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அப்படியென்றால் டயர்தானே ஆபத்து?

இதற்கு விடை சொன்னவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூசினெஸ்க். ஒரு பரப்பின் மேல் வைத்த சுமை, அடியில் இறங்க இறங்க எப்படிப் பக்கவாட்டில் பரவி நீர்த்துப்போகிறது என்று 1885இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் மண்ணுக்குள் அழுத்தமானிகளைப் புதைத்து அளந்தும் பார்த்தார்கள். சதுரமான அஸ்திவாரம் ஒன்றின் அடியில், அதன் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம் போனால், மேலே தந்த அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சுமை உணரப்படும் இந்தப் பகுதியைப் பொறியாளர்கள் அழுத்தக் குமிழ் என்பார்கள்.

இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். டயர் தரையில் பதியும் அகலம் ஓரடி. அதன் குமிழ் இரண்டடி ஆழத்தில் முடிந்துபோகிறது. ஐந்தடி அகலமுள்ள தூண் அஸ்திவாரத்தின் குமிழ் பத்தடி ஆழம் வரை இறங்குகிறது. மேல் மண் உறுதியாக இருக்கிறது, டிராக்டர் ஓடினால்கூடப் பதியவில்லை என்று நம்பிக் கட்டுகிறோம். ஆனால் கட்டடம் தன் சுமையைக் கொண்டுபோய் வைப்பது டிராக்டர் தொட்டே பார்க்காத ஆழத்தில். அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

ஆறு சலித்துப் போட்ட நிலம்

வெள்ளக் காலத்தில் ஆறு மணலையும் வண்டலையும் களியையும் ஒன்றாகத்தான் தூக்கி வருகிறது. கரையைத் தாண்டி வழிந்ததும் வேகம் குறைகிறது. கனமான மணல் கரையோரத்திலேயே இறங்கிவிடும். அதைவிட நுண்ணிய வண்டல் சற்றுத் தள்ளி இறங்கும். எல்லாவற்றிலும் மெல்லியதான களி, தண்ணீர் தேங்கி நிற்கும் தாழ்வான இடம் வரை போய், நாட்கணக்கில் மிதந்து மெதுவாகப் படியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்ததில் ஆற்றோரம் மணற்பாங்கான மேடாகவும், ஆற்றுக்கும் ஆற்றுக்கும் நடுவில் உள்ள நிலம் களிப் பள்ளமாகவும் ஆனது.

மண் ஆய்வாளர்கள் தஞ்சைப் பகுதி மண்ணை வகை பிரித்தபோது வைத்த பெயர்களில் இந்தக் கதை இருக்கிறது. ஆற்றோரத்து மணற்பாங்கான மண் படுகை வகை. பழைய டெல்டாவின் கனத்த களிமண் களத்தூர் வகை, ஆதனூர் வகை. 1934இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு கல்லணைக் கால்வாயால், அதாவது மக்கள் புது ஆறு என்று அழைக்கும் கால்வாயால், பாசனம் பெற்ற தெற்குப் பகுதியின் செம்மண் மதுக்கூர் வகை. தஞ்சை நகரத்தின் தெற்கிலும் மேற்கிலும், வல்லம் பக்கம், செம்புறாங்கல்லும் கிராவலுமாக நிலம் மேடேறுகிறது. அந்த மேடும் டெல்டாவும் சந்திக்கும் விளிம்பில்தான் தஞ்சை நகரம் இருக்கிறது. 1010இல் முடிந்த பெரிய கோயிலும் அங்கேதான்.

புதிரின் ஒரு பாதி இங்கே அவிழ்கிறது. பழைய குடியிருப்புகள் பலவும் வெள்ளத்துக்குத் தப்பிய கரை மேட்டைத் தேடிப் போய் உட்கார்ந்தவை. அதனால் தானாகவே மணற்பாங்கான மண் அவற்றுக்கு அடியில் அமைந்தது. ஊர் பெருகி, மனைகள் வயலுக்குள் இறங்கிய பிறகுதான் வீடுகள் களியின் மேல் ஏறின.

மணலுக்கும் குணம் உண்டு. அது உப்பாது, சுருங்காது. பக்கவாட்டில் நகரவிடாமல் அடைத்துவைத்தால் நல்ல சுமை தாங்கும். அடியில் தண்ணீர் ஓடி அரித்தால்தான் அது கைவிடும். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை நிற்பது காவிரியின் மணலில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை ஆராய்ந்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் உள்ளே கண்டது கரடுமுரடான கற்களையும் களிமண்ணையும்தான். மணலில் போட்ட கல் புதையும். புதையப் புதைய மேலும் கல் போட்டால் ஓர் ஆழத்தில் நின்றுவிடும். தளர்ந்த மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை ஆர்தர் காட்டன் கற்றுக்கொண்டது இந்தப் பழைய அணையைப் பார்த்துத்தான். முக்கொம்பில் 1836இல் அவர் தொடங்கிய மேலணைக்கும், பிறகு கோதாவரியில் கட்டிய தவளேஸ்வரம் அணைக்கும் அந்தப் பாடம் உதவியது. படுகை மண்ணில் கொட்டகை கட்டுகிறவருக்கும் அதே பாடம்தான்: மணலைச் சுற்றிலும் அடைத்துவை, அடியில் தண்ணீர் ஓடவிடாதே.

களிக்கு இந்தப் பாடம் போதாது.

வெற்றிலைக் கவுளிக்குள் தண்ணீர்

அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, சித்திரை வெயிலில் களி வயலுக்குப் போய்ப் பாருங்கள். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கை முழங்கை வரை உள்ளே போகும். ஆடி, ஆவணியில் அதே வயலில் வெடிப்பு இருந்த சுவடே தெரியாது. அவ்வளவு இடத்தையும் நிரப்பியது வெளியிலிருந்து வந்த மண்ணா? இல்லை. இருந்த மண்ணே பெருத்துவிட்டது.

மணல் துகள் உருண்டையானது. களியின் துகள் தகடு தகடாக அமைந்தது. கும்பகோணம் கொழுந்து வெற்றிலையைக் கவுளியாக அடுக்கி வைத்திருப்பதைப் போல் தகடு மேல் தகடாக அது அடுக்கப்பட்டிருக்கிறது. கவுளி காய்ந்தால் இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளித்தால் ஒவ்வோர் இலைக்கும் இடையில் ஈரம் புகுந்து கவுளியே பருத்து நிற்கும். கருங்களியில் உள்ள மாண்ட்மோரிலோனைட் என்ற கனிமத்தில் நடப்பது இதுதான். ஒரு தகட்டின் தடிமன் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தகட்டின் முகத்தில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. அதைச் சமன்செய்ய இடையில் சோடியம், கால்சியம் அயனிகள் வந்து உட்காருகின்றன. அந்த அயனிகள் தண்ணீரை இழுக்கின்றன. தண்ணீர் புகுந்ததும் தகடுகள் விலகுகின்றன.

எல்லாக் களியும் இப்படி இல்லை. செம்புறாங்கல் மண்ணில் உள்ள கயோலினைட்டில் தகடுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதால் நடுவில் தண்ணீர் புக முடியாது. வேறுபாட்டைப் பரப்பளவில் சொன்னால் புரியும். ஒரு கிராம் கயோலினைட்டின் துகள் பரப்பையெல்லாம் விரித்தால் பத்து இருபது சதுர மீட்டர் வரும். ஒரு கிராம் மாண்ட்மோரிலோனைட்டை விரித்தால் 800 சதுர மீட்டர் வரை வரும். அது நம் கணக்கில் இருபது சென்ட் நிலம். ஒரு சிட்டிகை மண்ணுக்குள் தண்ணீர் வந்து ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளி நமக்கு எப்படித் தெரியும்? எக்ஸ் கதிரால். ஒழுங்காக அடுக்கிய தகடுகளில் பட்டுத் திரும்பும் எக்ஸ் கதிர், தகடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்துக் குறிப்பிட்ட கோணத்தில் வலுப்பெறும். 1933இல் ஜெர்மனியில் உல்ரிச் ஹோஃப்மனும் அவருடைய தோழர்களும் இந்தக் கனிமத்தை ஆராய்ந்தபோது, ஈரம் கூடக்கூட அந்தத் தூரம் கூடுவதைக் கண்டார்கள். மண் உப்புவது துகள்களுக்கு வெளியே நடக்கும் காரியம் மட்டும் அல்ல, ஒரு துகளுக்குள்ளேயே நடக்கிறது என்பது அப்போது உறுதியானது.

எக்ஸ் கதிர்க் கருவி இல்லாமலும் இதைப் பார்க்கலாம். இந்தியத் தர நிர்ணயத்திலேயே உள்ள சோதனை இது. உலர்த்திப் பொடித்துச் சலித்த மண்ணைப் பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடி அளவுச் சாடிகளில் போடுவார்கள். ஒன்றில் 100 மில்லி கோடு வரை தண்ணீர். மற்றதில் அதே அளவு மண்ணெண்ணெய். குமிழ்களைக் கலைத்துவிட்டு ஒரு நாள் அப்படியே விடுவார்கள். மண்ணெண்ணெய் மூலக்கூறில் மின்னேற்றப் பிரிவு இல்லாததால் அயனிகள் அதை இழுப்பதில்லை. அந்தச் சாடியில் மண் பத்து மில்லி உயரத்தில் அடங்கிக் கிடக்கும். தண்ணீர்ச் சாடியில் அதே மண் பதினாறு மில்லி உயரத்துக்கு ஏறியிருந்தால் 60 சதவீதம் உப்பியிருக்கிறது என்று கணக்கு. இருபதுக்குள் இருந்தால் கவலை குறைவு. ஐம்பதைத் தாண்டினால் அது மிக மோசமான மண். ஒரே பிடி மண், இரண்டு சாடி, இரண்டு உயரம். கொட்டகைச் சுவரின் கதி முழுவதும் அந்தச் சின்ன உயர வேறுபாட்டில் இருக்கிறது.

மேலே நகரும் மண், கீழே அசையாத மண்

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். இடையில் வடகிழக்குப் பருவமழை. ஆகவே டெல்டா மண் ஆண்டில் ஏழெட்டு மாதம் நனைந்தும் மிச்ச மாதங்கள் காய்ந்தும் கிடக்கிறது. ஆனால் இந்த நனைவும் காய்வும் ஓரளவு ஆழம் வரைதான். அதற்குக் கீழே எந்தப் பருவத்திலும் ஈரம் மாறுவதில்லை. ஈரம் மாறிக்கொண்டே இருக்கும் மேலடுக்கை ஈர அலைவு மண்டலம் என்று சொல்லலாம். வெவ்வேறு ஆழத்தில், வெவ்வேறு மாதத்தில் எடுத்த மண்ணை நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுத்தால், போன எடை அதிலிருந்த தண்ணீர். எந்த ஆழத்தில் அந்த அளவு கோடையிலும் மழையிலும் ஒன்றாகிறதோ, அங்கே மண்டலம் முடிகிறது.

கட்டடம் முழுவதும் ஒரே சீராக ஏறி இறங்கினால் ஒரு கீறலும் விழாது. தரை மூடிய கொட்டகையின் நடுவில் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. வெயில் படும் ஓரங்கள்தான் காய்ந்து தாழ்கின்றன, நனைந்து எழுகின்றன. நடு நிலைத்து, ஓரம் ஆடும்போது சுவர் வளைய வேண்டும். செங்கல் கட்டு வளையாது, கிழியும். பக்கத்தில் வேம்போ புங்கமோ இருந்தால் அந்த மூலையில் வேர் ஈரத்தை இன்னும் இழுத்து, அங்கே மட்டும் மண் கூடுதலாகத் தாழும். கூரைத் தண்ணீர் ஒரே மூலையில் கொட்டினால் அந்த மூலை மட்டும் எழும்.

களிக்கு இரண்டாவது அசைவு ஒன்றும் உண்டு, அது திரும்பி வராத அசைவு. நனைந்த களியின் மேல் நூறு டன் ஏற்றினால் முதலில் அந்தச் சுமையைத் தாங்குவது துகள்களுக்கு இடையே அடைபட்ட தண்ணீர். தண்ணீர் மெல்லக் கசிந்து வெளியேற வெளியேறத்தான் சுமை துகள்களுக்கு மாறுகிறது, மண் இறுகிக் குறைகிறது. மணலில் இது கட்டும்போதே முடிந்துவிடும். களியின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் பல வருஷம் இழுக்கும். இதைக் கண்டு சொன்னவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புலில் ஆசிரியராக இருந்தபோது, சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப்போட்ட சாமான்களையும் வைத்துக் கருவி செய்து, களிமண்ணை அமுக்கி அமுக்கி அளந்தார். 1925இல் வெளியான அவருடைய நூலிலிருந்துதான் மண் இயக்கவியல் ஒரு தனித் துறையாக எழுந்தது.

விரிசல் எந்த அசைவால் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விரிசலின் இரு பக்கமும் ஒவ்வோர் ஆணி அடித்து, இடைவெளியை மாதம் ஒரு முறை அளந்து, சுவரிலேயே தேதியோடு எழுதிவையுங்கள். கோடையில் விரிந்து மழையில் மூடினால் உப்பிச் சுருங்கும் மண். எந்தப் பருவமானாலும் விரிந்துகொண்டே போனால் இறுகல். ஒரு வருஷக் கணக்கு கையில் இருந்தால் பொறியாளர் பாதி வேலையை அதிலேயே முடித்துவிடுவார்.

அசையாத இடத்தைப் பிடித்துக்கொள்வது

நோய் தெரிந்த பிறகு வைத்தியம் புரியும். ஆடுகிற மேலடுக்கில் உட்காராமல் ஆடாத அடுக்கைப் பிடிக்க வேண்டும். இந்தியாவின் கரிசல் நிலங்களுக்காக ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் இதற்கு ஒரு வழியை வளர்த்தெடுத்தது. தினேஷ் மோகன் அதில் முன்னின்றவர். அடி விரிந்த பைல் என்று அதைச் சொல்லலாம். ஓரடி விட்டத்தில் குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளை போட வேண்டும். முக்காலி நட்டு, கையால் சுற்றும் துரப்பணத்தாலேயே இரண்டு மூன்று பேர் இதைச் செய்துவிடலாம். பிறகு மடங்கிய கத்திகள் உள்ள ஒரு கருவியை அடிவரை இறக்கி, மேலிருந்து அமுக்கிச் சுற்றினால் கத்திகள் விரிந்து பக்கவாட்டில் மண்ணைச் சீவும். சீவிய மண் கருவியின் அடியிலுள்ள வாளியில் விழும். துளையின் அடியில் தண்டைப் போல் இரண்டரை மடங்கு விட்டத்தில் ஒரு குடைவு உண்டாகும். கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் போட்டால், அடியில் குமிழ் உள்ள தூண் ஆடாத மண்ணுக்குள் பதிந்துவிடும். மேல் மண் உப்பித் தூணைத் தூக்கப் பார்த்தாலும் குமிழ் விடாது. சுமையை இறக்கவும் குமிழின் அகலம் உதவும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது கொட்டகைக் கூரைகளைக் காற்று மேல்நோக்கிப் பிய்த்தது நமக்குத் தெரியும். அந்தத் தூக்குவிசைக்கும் இதே குமிழ்தான் பிடிமானம். ஆனால் கூரையிலிருந்து தூண், பீம், பைல் வரை கம்பியும் போல்ட்டும் அறுபடாமல் தொடர்ந்தால்தான் அந்தப் பிடிமானம் கூரைக்குப் போய்ச் சேரும்.

டெல்டாவில் ஒரு சிக்கல், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். ஈரத் துளை சரிந்து விழும். அதைத் தடுக்கத் துளையில் ஊற்றும் குழம்பு பென்டோனைட். அதன் பெரும்பகுதி மாண்ட்மோரிலோனைட்தான். சுவரைக் கிழித்த கனிமம், துளையின் பக்கங்களில் படிந்து தண்ணீரைத் தடுத்து, துளையைச் சரியாமல் பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு நுட்பம் தவறவே கூடாதது. பைல்களை இணைக்கும் பிளிந்த் பீமுக்கும் களித்தரைக்கும் நடுவில் எட்டு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். மண் உப்பினால் அந்த வெற்றிடத்துக்குள் உப்பட்டும் என்பதற்காகத்தான் அது. வேலை நடக்கும்போது பீமுக்கு அடியில் மணலோ செங்கலோ வைத்துக் கான்கிரீட் போட்டுவிட்டு, அதை எடுக்காமல் விட்டுவிடுவது வழக்கம். அப்படி விட்டால் பைலுக்குச் செலவழித்த பணம் முழுவதும் வீண். பக்கத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

டிராக்டர் நிற்கும் தரையைத் தூண்களோடு பிணைக்காமல் தனியாக விடுவது நல்லது. அதன் சுமை ஆழத்துக்குப் போகாது என்று முன்பே பார்த்தோம். ஆனால் அடியிலுள்ள களி அந்தத் தரையைத் தூக்கும். களியைத் தோண்டி எடுத்துவிட்டு மணல் நிரப்புவதுதான் பழக்கம். ஆனால் மழைத் தண்ணீர் அந்த மணலில் தேங்கி, சுற்றிலுமுள்ள களிக்கு மெல்ல மெல்ல ஊட்டுகிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஆர்.கே. கட்டி நீண்டகாலம் ஆராய்ந்து சொன்ன வழி, உப்பாத ஆனால் பிசுபிசுப்புள்ள மண்ணை ஒரு மீட்டர் கனத்துக்கு அடுக்கடுக்காக இறுக்கிப் போடுவது. கயோலினைட் கலந்த செம்மண் கிராவல் பெரும்பாலும் இந்த வகையைச் சேரும். வல்லம் மேட்டு மண் டெல்டாவின் களிக்கு மருந்தாவது இப்படித்தான். வாங்கும் லோடையும் அந்த இரண்டு சாடிச் சோதனையில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி மாடி. வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்று வைத்துத் தளம் கணக்கிடுவார்கள். இலகுவான இயந்திரங்கள் உள்ள பட்டறைக்கு இந்தியத் தரம் கேட்பது 500 கிலோ. ஆகவே சாதாரண வீட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துப் பட்டறைக்குப் போடக் கூடாது. அதைவிடக் கனமான விருந்தாளி நெல். ஒரு கன மீட்டர் நெல் 550 கிலோவுக்கு மேல். ஐந்தடி உயரத்துக்கு மூட்டை அடுக்கினால் சதுர மீட்டருக்கு 800 கிலோவைத் தாண்டிவிடும். சில மூட்டை விதைநெல் இருக்கட்டும், அறுவடை நெல்லின் இடம் கீழே. லேத், கம்ப்ரஸர் மாதிரி அதிர்கிற இயந்திரங்களையும் கீழ்த்தரையிலேயே வைத்தால் மாடி இலேசாகும், அஸ்திவாரச் செலவும் இறங்கும்.

இப்போது கீழ்த்தளம், பணம் வந்ததும் மாடி என்று கட்டுவது நம் வழக்கம். களிக்கு அது கெடுதல் இல்லை. 1173இல் தொடங்கிய பைசா கோபுரம் மென்களியின் மேல் நிற்கிறது. நடுநடுவே பல்லாண்டு வேலை நின்றுபோனதால்தான் களி இறுகி வலுப்பெற்றது, இல்லையென்றால் கட்டும்போதே விழுந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஆனால் அஸ்திவாரம் முதல் நாளே இரண்டு தளத்துக்கும் சேர்த்துப் போட்டதாக இருக்க வேண்டும். பழைய வீட்டை ஒட்டிக் கட்டினால் இரண்டு சுவர்களையும் பிணைக்காமல் இடைவெளி விடுங்கள். பழையது இறுகி முடித்துவிட்டது, புதியது இனிமேல்தான் தொடங்கப் போகிறது.

ஒரு துளையின் கணக்கு

மேலே சொன்ன எதையும் எல்லா மனைக்கும் பொது விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றரை மீட்டருக்குக் கீழேயும் பொதபொதவென்ற களி தொடர்ந்தால் குட்டைப் பைல் உதவாது. நாலடிக்குக் கீழே கெட்டி மணல் கிடைத்தால் பைலே தேவைப்படாமல் போகலாம். ஆகவே முதல் செலவு மண் பரிசோதனைக்கு. துளை போட்டு, 63.5 கிலோ சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒரு குழாயை 30 சென்டிமீட்டர் இறக்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். மூன்று நான்கு அடியிலேயே இறங்கினால் மென்களி, பதினைந்து அடி கேட்டால் விறைப்பான களி. குழாயில் ஏறி வரும் மண்ணைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வார்கள். கட்டடச் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை. திருச்சி, தஞ்சை வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளின் கட்டடவியல் துறைகளில் இதற்கான ஆய்வகங்கள் இருக்கின்றன.

இப்படிக் கிடைக்கும் அறிக்கை இப்போது ஒரு வீட்டின் பீரோவுக்குள் போய் முடங்கிவிடுகிறது. பக்கத்து மனைக்காரர் மறுபடியும் இருட்டில் தொடங்குகிறார். நிலம் ஆற்றின் போக்கில் படிந்தது என்பதால், ஒரு துளை சொல்லும் செய்தி சுற்றியுள்ள மனைகளுக்கும் முன்னெச்சரிக்கை ஆகிறது. ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லையில் போட்ட துளைகளின் கணக்கை, எந்த ஆழத்தில் என்ன மண், எத்தனை சம்மட்டி அடி, எவ்வளவு உப்பல் என்று ஒரே பதிவேட்டில் எழுதிவைத்தால், பத்து ஆண்டுகளில் ஊருக்கு அடியிலுள்ள ஊரின் வரைபடம் கிடைத்துவிடும். நெல்லுக்கு எந்த உரம் என்று கேட்க மண்ணைச் சோதிக்கப் பழகிவிட்டோம். அதே மண்ணின் மேல் ஆயுள் சேமிப்பைக் கொட்டிக் கட்டுகிறபோதும் அந்தப் பழக்கம் வர வேண்டும். வரைபடத்துக்குப் பொறியாளரைத் தேடுவதற்கு முன்னால் துளை போடுகிறவரைத் தேடுங்கள். அறிக்கை வந்ததும் ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.